ஆட்காட்டிக்கு எட்டு வண்டியிடம்

2025, ஏப்ரல் 14, திங்கட்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். காற்றே இல்லை. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பட்டர்வொர்த் பக்கம் மட்டும் ஒரு நீள மேகம். அந்த நேரத்துக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. சித்திரை முதல் நாள். பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியின் எட்டாம் மாடி நடைபாதையில் நின்று, வழக்கம்போல் பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். வைத்த கையோடு கத்திவிட்டேன்.

எதிரே உள்ள தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடத்தில், நாங்கள் கூம்பு வைத்து மறித்திருந்த இடத்துக்குள், ஒரு பெரிய வட்டக் கோலம் கிடந்தது. வண்ண அரிசிக் கோலம். சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா, ஓரத்தில் வெள்ளை. நடுவில் ஆள் நீளத்துக்கு இடம் விட்டு, சுற்றிலும் பதினாறு இதழ் வைத்துப் போட்டிருந்தார்கள். அந்த நடு இடத்தில், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல், எங்கள் ஆட்காட்டிக் குருவி தன் நான்கு முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. சிவந்த மூக்கு, கறுத்த தொண்டை, மஞ்சள் கால். தாமரைப்பூ நடுவில் வைத்த சாமி மாதிரி இருந்தது.

“இங்க வா! ஓடி வா!” என்று மனைவியைக் கூப்பிட்டேன்.

கையில் தோசைக் கரண்டியோடு வந்தாள். பைனாகுலரை வாங்கிப் பார்த்தாள். “என்னா, குருவிக்குக் கல்யாணமா?” என்றாள். “நம்ம வீட்டு வாசல்ல ஒரு புள்ளி வைக்க ஆளில்ல. அங்க பார்க்கிங்ல இவ்ளோ பெரிய கோலம்.”

அவள் கேலி செய்தாலும் பைனாகுலரைத் திருப்பித் தர மனமில்லாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கு அன்றைக்கு அவ்வளவு பெருமை. பதினெட்டு நாட்களாக அந்த முட்டைகளைப் பற்றிக் கவலைப்பட்டுத் தூங்காதவனுக்கு, வேறு சிலரும் அவற்றுக்காக விடியற்காலையில் எழுந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்!

கோலத்தைப் போட்டவர்கள் யாரென்று சொல்லுமுன் அந்தக் கம்பெனியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

மருத்துவமனைக் கருவிகளுக்குச் சின்னச் சின்ன உலோகப் பாகங்கள் செய்யும் கம்பெனி அது. போன வருடம் எங்கள் லிஃப்ட் பக்கத்துச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் மரத்தையோ பறவையையோ வேறு எந்த உயிரையோ பாதுகாக்க நினைக்கும் குடியிருப்பாளர்கள் வரலாம், யோசனையும் முடிவும் உங்களுடையது, இடமும் ஆளும் கொஞ்சம் பணமும் எங்களுடையது என்று அதில் இருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. சாலை வளைவில் யாரோ பேனர் கட்டி, படம் பிடித்து, நாற்பது கன்று நட்டுவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். வருடம் கழித்து எண்ணினேன். ஆறு இருந்தது. துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணியவன் நான். நட்டதையும் இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளவே முதல் கூட்டத்துக்குப் போனேன். கம்பெனியின் கட்டட மேலாளர் வந்திருந்தார். சீனர், ஐம்பது வயதிருக்கும். நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அண்ணே, நான் பாகான் டாலாம் ஆளுலா. சின்ன வயசுல பக்கத்து வீடு பூரா தமிழ்தான். நீங்க தமிழ்லயே திட்டுங்க.”

“திட்ட வரல. உங்க கம்பெனி பேர் போட்டுப் பெரிய போர்டு வைப்பீங்களா, மாட்டீங்களா?”

“நீங்க வைக்கச் சொன்னா வைப்போம். வேணாம்னா தாக் பாயாலா, தேவையே இல்ல.”

“போட்டோ?”

“அதுவும் நீங்க சொன்னாதான்.”

பதினோரு பேர் வந்த கூட்டம் அடுத்த மாதம் ஏழாகி, பிறகு ஐந்தில் வந்து நின்றது. அந்த ஐந்து பேரில் என்னோடு, எங்கள் புளோக்கின் கீழே நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாயும், அதே தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கும், நாங்கள் தங்கச்சி என்று கூப்பிடும் மூன்றாம் மாடிப் பெண்ணும் உண்டு. கம்பெனி தன் தொழிலாளர்களுக்கு ஒரு சலுகையும் கொடுத்தது. விருப்பப்படுகிறவர்கள் மாதத்தில் இரண்டு மணி நேரத்தை, சம்பளம் குறையாமல், எங்கள் வேலைக்குக் கொடுக்கலாம். அந்த நேரத்தில் அவர்கள் என்ன செய்வது என்பதைக் கம்பெனி சொல்லாது. அதை நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

நாங்கள் என்ன சொல்வது என்று தெரியாமல் மூன்று கூட்டம் பேசியே கழித்தோம். மார்ச் 27ஆம் தேதிதான் வேலை தானாக வந்து சேர்ந்தது. ஷிப்ட் முடிந்து வந்த தங்கச்சி, முப்பத்து நான்காம் எண் வண்டியிடத்தின் ஓரத்தில், தார் பெயர்ந்து சரளைக் கல் தெரிகிற இடத்தில், கல்லோடு கல்லாக நான்கு முட்டைகளைக் கண்டாள். ஆட்காட்டி கூடு கட்டாது. சரளையில் ஒரு சின்னப் பள்ளம் பறித்து அதிலேயே இட்டுவிடும். இன்னும் அரை அடி தள்ளிக் கால் வைத்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். குஞ்சு பொரிக்க ஏறக்குறைய இருபத்தெட்டு நாள் ஆகும் என்று புத்தகத்தில் பார்த்தேன். அதுவரை அந்த முட்டைகள் வண்டிச் சக்கரத்துக்கும் வெயிலுக்கும் காக்கைக்கும் தப்ப வேண்டும். இதுதான் எங்கள் ஐந்து பேரின் முதல் வேலை.

நான் மேலாளருக்குப் போன் செய்தேன். இரண்டு இடம் கேட்கலாம் என்றுதான் நினைத்தேன். வாய் எட்டு என்று கேட்டுவிட்டது.

“எட்டா? முப்பத்து மூணு டைரக்டர் பார்க்கிங் அண்ணே.”

“அவர் எங்க வைப்பாரு?”

“பின்னால வச்சிட்டு நடந்து வருவாரு. வயிறு கொஞ்சம் இருக்கு, நடந்தா நல்லதுதான்.”

மறுநாள் காலை முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை சிவப்புக் கூம்புகள் நின்றன. டைரக்டர் குடை பிடித்துக்கொண்டு நடந்து போவதை நான் மேலிருந்து பார்த்தேன். அன்றைக்குத்தான் அந்தக் கம்பெனியை நம்பினேன்.

ஆனால் கூம்பு போதவில்லை. சாப்பாடு கொண்டுவரும் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூம்புகளுக்கு நடுவில் புகுந்து திரும்பினார்கள். கண்ணைப் பறிக்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று கூட்டத்தில் பேசிக்கொண்டோம். “நான் பாத்துக்கறேன் அங்கிள்” என்று தங்கச்சி சொன்னாள். அவளும் லைனில் அவளோடு வேலை செய்யும் ஐந்து பெண்களும் தங்கள் இரண்டு மணி நேரத்தைச் சித்திரை முதல் நாளுக்கென்று சேர்த்து வைத்திருக்கிறார்கள். அப்படி வந்ததுதான் கோலம். விடியற்காலை ஐந்தரைக்கு ஆட்காட்டிகள் இரண்டும் கத்தித் தீர்த்ததற்கும் அதுவே காரணம்.

இப்போது எட்டாம் மாடிக்குத் திரும்புகிறேன். மனைவி பைனாகுலரை விடவில்லை. “புறா வந்திருக்கு” என்றாள்.

“எத்தன?”

“நாலஞ்சு. மைனாவும் வருது. கோலத்தக் கொத்துது.”

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. “காக்கா ரெண்டு” என்று அவள் சொன்னதும்தான் உறைத்தது. அரிசி! புறாவுக்கும் மைனாவுக்கும் அரிசி போதும். அவை கூடுவதைப் பார்த்து வரும் காக்கைக்கு அரிசி போதாது. முட்டை தெரியும். பைனாகுலரைப் பிடுங்கி எண்ணினேன். காக்கை மூன்று. விளக்குக் கம்பத்தில் இன்னும் இரண்டு. நான் எண்ணி முடிப்பதற்குள் கம்பத்தில் ஆறு. ஆட்காட்டியின் ஜோடி தரையிலிருந்து எழும்பி எழும்பிக் கத்தியது. உட்கார்ந்திருந்தது மட்டும் அசையவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு, கதவருகே தொங்கிய குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

“அது என்னோட குடை! புதுசு!” என்று மனைவி பின்னாலேயே கத்தினாள்.

லிஃப்ட் பதினான்காம் மாடியில் நின்றுகொண்டு வர மறுத்தது. எட்டு மாடியும் படியில் இறங்கினேன். எனக்கு எழுபத்து நான்கு வயது. முழங்கால் டாக்டர் இதைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

தொழிற்சாலை வாசலில் மேலாளர் நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் தங்கச்சி, பட்டுப்பாவாடை மாதிரி பளபளக்கும் ஒரு புடவையும் அதன் மேல் தொழிற்சாலைக் கோட்டுமாக. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

“அங்கிள்! நல்லா இருக்கா? எட்டு கிலோ அரிசி!”

“அரிசிம்மா! அரிசி! மேல பாரு!”

அவள் மேலே பார்த்தாள். கம்பத்தில், கம்பியில், கூரை விளிம்பில் எல்லாம் காக்கை. நான் எண்ணியவரை இருபத்தாறு. அவள் முகம் அப்படியே வாடிப்போயிற்று.

“ஐயோ… கோலம் போட்டா எறும்பு குருவியெல்லாம் சாப்பிடும், புண்ணியம்னு அம்மா சொல்லும் அங்கிள். குருவிக்குத்தானேன்னு நெனச்சேன். காக்காவ நெனக்கலயே…” அழுகையை அடக்கிக்கொண்டு கூம்புகளை நோக்கி ஓடப் பார்த்தாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“கூட்டிடலாமே அண்ணே? ஆள் தரேன்” என்றார் மேலாளர்.

“கூட்டினா அது எழுந்து பறக்கும். பறந்த நிமிஷமே காக்கா இறங்கும். காக்கா இறங்காட்டியும் இந்த வெயில்ல முட்டை எத்தன நிமிஷம் தாங்கும்?”

“கூட்டாம விட்டா?”

“அப்பவும் காக்கா இறங்கும்.”

மேலாளர் என்னைப் பார்த்தார். “நான் தொடமாட்டேன். இது உங்க ப்ராஜெக்ட். நீங்க சொல்லுங்க, நான் செய்றேன். ஆனா சீக்கிரம் சொல்லுங்கலா!”

முப்பத்தொரு வருடம் எனக்கு வேலை எண்ணுவது மட்டும்தான். முடிவெடுப்பவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். இப்போது ஒரு தொழிற்சாலையே என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. பயமாக இருந்தது. பயத்தைவிட அதிகமாக வேறு ஏதோ பொங்கியது. இருபது வயதில் முதல் முறையாகப் பந்தயத்தில் ஓட நின்றபோது வந்த படபடப்பு மாதிரி.

அந்த நேரம் பாய் தொழிற்சாலை வேலியோரமாக வந்து எட்டிப் பார்த்தார். நான் ஓடியதைக் கடையிலிருந்து பார்த்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“அண்ணே, காக்காவுக்கு அரிசியா பெருசு? என் கடை பின்னால மீன் தல கழுவுற நேரத்துல வந்து பாருங்க. பெனாங்கு காக்கா பூரா அங்கதான்.”

“பாய்! எத்தன தல இருக்கு?”

“இன்னைக்குக் கறிக்குப் பதினாறு.”

“கொண்டாங்க!”

“பதினாறுமா?”

“பதினாறும்!”

பிறகு எல்லாம் ஒரே ஓட்டம். பாய் ஒரு பெரிய அலுமினியத் தட்டில் மீன் தலைகளைக் கொண்டுவந்தார். கார் நிறுத்துமிடத்தின் மறு கோடியில், குப்பைத் தொட்டிக்கு அப்பால், கூட்டிலிருந்து நூறு மீட்டராவது இருக்கும், அங்கே கொட்டச் சொன்னேன். மேலாளர் ரேடியோவில் ஏதோ மலாயில் உத்தரவு போட்டார். “ஒரு லைன நிறுத்திட்டேன் அண்ணே. இருபது நிமிஷம். அதுக்கு மேல கேக்காதீங்க, டைரக்டர் என்னையும் நடக்க வச்சிடுவாரு.” தங்கச்சியையும் சேர்த்து ஆறு பெண்கள் துடைப்பமும் முறமுமாக வந்து நின்றார்கள்.

மீன் வாடை போன வேகத்தை என்ன சொல்வது! கம்பத்திலிருந்து ஒரு காக்கை தாவியது. அடுத்தது. பிறகு மொத்தமாக, கறுப்புத் துணியை உதறினாற்போல், எல்லாம் மறு கோடிக்குப் பறந்தன.

“இப்ப!” என்று கத்தினேன்.

பெண்கள் வெளி வட்டத்திலிருந்து கூட்டத் தொடங்கினார்கள். நான் குடையை விரித்துக்கொண்டு நடுவுக்குப் போனேன். ஆட்காட்டி எழுந்தது. எழுந்து ஓடவில்லை. என் தலைக்கு நேரே வந்தது! அதன் ஜோடி பின்னாலிருந்து வந்தது. இரண்டும் மாறி மாறிப் பாய்ந்தன. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் காது கிழிய ஒரு கத்தல். நான் குடையைத் தலைக்குப் பிடிக்க முடியாது, அது முட்டைக்கு. குனிந்து, கையை நீட்டி, நான்கு முட்டைகளின் மேலும் நிழல் விழும்படி பிடித்துக்கொண்டு நின்றேன். குடையில் சொத்தென்று விழுந்தது. என் சட்டையிலும் விழுந்தது.

“அங்கிள், தலய குனிங்க!”

“குனிஞ்சுதாம்மா இருக்கேன்! நீ அரிசியப் பாரு!”

“பச்சை முடிஞ்சிடுச்சி! ஊதாவும் முடிஞ்சிடுச்சி!”

வேலியோரத்திலிருந்து பாய் கத்தினார்: “அண்ணே, சீக்கிரம்! எட்டு தலதான் பாக்கி!”

மூன்றாவதோ நான்காவதோ பாய்ச்சலில் ஓர் இறக்கை என் கன்னத்தில் அடித்தது. கண்ணாடி தெறித்துச் சரளையில் விழுந்தது. எனக்குக் கண்ணாடி இல்லாமல் முட்டையும் கல்லும் ஒன்றுதான். நகர்ந்தால் மிதித்துவிடுவேன். அதனால் நகரவே இல்லை. குடையும் நானுமாக நட்டு வைத்தது மாதிரி நின்றேன். தங்கச்சி முழங்காலிட்டு, கடைசி அரிசிகளைக் கையாலேயே பொறுக்கிக்கொண்டு என் காலடி வரை வந்துவிட்டாள்.

“எண்ணும்மா” என்றேன். “எத்தன இருக்கு?”

“நாலு.”

“இன்னொரு தடவ எண்ணு.”

“நாலுதான் அங்கிள்! நாலும் இருக்கு!” அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. என் கண்ணாடியை எடுத்துக் கையில் வைத்தாள். அதில் ஒரு காது உடைந்திருந்தது.

பின்வாங்கினோம். பதினேழு நிமிடத்தில் முடித்துவிட்டோம் என்று மேலாளர் கடிகாரத்தைக் காட்டினார். எல்லோரும் கூம்புகளுக்கு வெளியே, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பறவை சுற்றிச் சுற்றி வந்தது. இறங்கியது. நான்கடி நடந்தது. நின்றது. மறுபடி நடந்தது. பிறகு வயிற்றுச் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு மெதுவாக முட்டை மேல் அமர்ந்தது. ஆறு பெண்களும் கை தட்டப் போனார்கள். நான் “உஷ்!” என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு குதித்தார்கள். மேலாளரும் குதித்தார்.

அதன்பின் நான் எட்டு நாள் பாதி நேரம் நடைபாதையிலேயே இருந்தேன். உடைந்த கண்ணாடிக் காதை நூல் சுற்றிக் கட்டிக்கொண்டேன். மோட்டார் சைக்கிள்களைத் தடுக்க, கூம்புகளுக்கு நடுவே மஞ்சள் நாடா கட்டித் தரச் சொன்னோம். அரை மணியில் கட்டிவிட்டார்கள்.

22ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்குத் தங்கச்சியிடமிருந்து போன். “அங்கிள், நடக்குது! குஞ்சு நடக்குது! கீழ வாங்க!”

இந்த முறை லிஃப்ட் வந்தது. நான் போய்ச் சேரும்போது ஒரு பெரிய பறவை முன்னே நடக்க, பின்னால் கோழிக்குஞ்சு அளவுகூட இல்லாத மூன்று பஞ்சு உருண்டைகள் நீளக் கால் வைத்து ஓடிக்கொண்டிருந்தன. கடலோரப் புல்வெளிக்குத்தான் கூட்டிக்கொண்டு போகிறது என்று புரிந்தது. அதற்குத் தொழிற்சாலையின் உள்சாலையைக் கடக்க வேண்டும். ஏழு மணி ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிய பஸ் வாசலில் நுழைந்துகொண்டிருந்தது.

மேலாளர் சாலை நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பஸ் நின்றது. பின்னால் இன்னொரு பஸ், அதற்குப் பின்னால் லாரி. ஜன்னலெல்லாம் தலை.

“சொல்லுங்க அண்ணே, விடலாமா?”

“இருங்க! மூணுதான் போச்சு!”

“மூணுதான் பொரிச்சிருக்குமோ?”

“இருங்கன்னு சொல்றேன்ல!”

பஸ்காரர் ஹாரனில் கை வைத்தார். மேலாளர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பஸ்காரர் கையை எடுத்துவிட்டார். நான் நூல் கட்டிய கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கூட்டுப் பக்கமே பார்த்தேன். இரண்டாவது பறவை இன்னும் அங்கேதான் நின்றது. அது நிற்கிறதென்றால் காரணம் இருக்க வேண்டும். அது குனிந்தது. நகர்ந்தது. அதன் காலுக்கடியிலிருந்து நான்காவது எழுந்தது. இரண்டடி ஓடி விழுந்தது. எழுந்தது. விழாமல் ஓடியது. சாலையின் வெள்ளைக் கோட்டில் நின்று எங்கள் எல்லோரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் போய்ப் புல்லுக்குள் மறைந்தது.

“நாலு!” என்று கையைத் தூக்கினேன். “விடுங்க!”

பஸ்ஸுக்குள்ளிருந்து எழுந்த சத்தம் கடலுக்கே கேட்டிருக்கும். டைரக்டரும் பின்னாலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார். என்னவென்று விசாரித்தார். மேலாளர் சொன்னதும், அவர் என்னிடம் வந்து, அந்தப் புல்வெளியை ஒட்டிய சரளை நிலமும் கம்பெனியுடையதுதான், அதை என்ன செய்வதென்று உங்கள் கூட்டத்தில் முடிவு செய்து சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு முந்தித் தங்கச்சி தலையாட்டிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை புல்வெளியில் மூன்று குஞ்சுகளைத்தான் பார்த்தேன். நான்காவது புல்லுக்குள் இருந்திருக்கலாம். நாளைக்கும் போய் எண்ணப் போகிறேன்.

செலவைக் கம்பெனிப் பணத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்று மேலாளர் சொன்னார். அந்தப் பணம் இனி சரளை நிலத்துக்கு வேண்டும் என்று கூட்டத்தில் முதலில் கை தூக்கியதே நான்தான். அதனால் கேட்க வாய் வரவில்லை. பாய் மீன் தலைக்குக் கணக்காக வாங்கிக்கொண்டார். “குருவி வேற, வியாபாரம் வேற அண்ணே” என்று சிரித்தார். தலைக்கு மூன்று வெள்ளி, பதினாறு தலைக்கு நாற்பத்தெட்டு. கண்ணாடிக்குப் புது பிரேம் நூற்று இருபது. அந்தக் குடையை நான் எத்தனை தடவை கழுவிக் கொடுத்தும் மனைவி தொடமாட்டேன் என்றதால், புதுக் குடை பதினெட்டு வெள்ளி நாற்பது காசு. ஆக மொத்தம் எனக்கு ஆனது நூற்று எண்பத்தாறு வெள்ளி நாற்பது காசு.